11 வாரத் தழும்பு: எதற்குக் காத்திருக்க வேண்டும், எதற்குக் காத்திருக்கக் கூடாது?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

எனக்கு வயது 27. 11 வாரங்களுக்கு முன் இருசக்கர வாகனத்திலிருந்து சறுக்கி விழுந்தேன். இடது கன்னத்து எலும்புக்குக் கீழிருந்து வாயோரம் நோக்கிச் சாய்வாக ஏறத்தாழ 4 செ.மீ. நீளத்துக்கு வெட்டுக்காயம். முகவாய் சாலையில் உரசிச் சிராய்த்துவிட்டது. அவசர சிகிச்சைப் பிரிவில் ஏழு தையல் போட்டு, ஆறாம் நாள் பிரித்தார்கள். நான்காம் வாரத்தில் மெல்லிய கோடாக இருந்த தழும்பு இப்போது சிவந்து, தடித்து, அரிக்கிறது. முகவாயில் நீலம் கலந்த கரும்புள்ளிகள் அப்படியே நின்றுவிட்டன. உறவினர் ஒருவர் சொன்ன ‘கறை போக்கும்’ களிம்பை ஐந்து வாரமாகக் கன்னம் முழுவதும் தடவுகிறேன். ஓர் அழகு சிகிச்சை மையத்தில் ஆறு முறை லேசர் செய்ய வேண்டும், இந்த வாரமே முழுப் பணம் கட்டினால் சலுகை உண்டு என்கிறார்கள். தையல் போட்ட மருத்துவரோ ஒரு வருடத்துக்கு எதையும் தொடாதே என்கிறார். தையல் சரியாகப் போடப்படவில்லையா? இது கீலாய்டா? உடனே பிளாஸ்டிக் சர்ஜரி செய்தால் முழுதாக மறையுமா? அலுவலகக் காணொளிக் கூட்டங்களில் வலது கன்னம் மட்டும் தெரியும்படி உட்கார்ந்துகொள்கிறேன். இன்னொன்று: சிரிக்கும்போது இடது வாயோரம் முன்பு போல மேலே எழுவதில்லை.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அரை மணி நேரம் பேசிவிட்டு, எழுந்து கதவு வரை போன பிறகு, “அப்புறம் டாக்டர், இன்னொன்று” என்று திரும்பி நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த இன்னொன்றுதான் அவர்கள் பேசியவற்றிலேயே முக்கியமானதாக இருக்கும். தழும்பின் நிறத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், சிரிப்பு கோணுவதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அதுதான்.

முதலில் சிரிப்பைக் கவனிப்போம்

முகத் தசைகளை அசைக்கும் நரம்பு, காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் ஊடே சென்று ஐந்து முக்கியக் கிளைகளாகப் பிரிகிறது. மேலுதட்டையும் வாயோரத்தையும் தூக்குகிற கிளைகள் கன்னத்தின் வழியாகத்தான் போகின்றன. உங்கள் வெட்டு தோலோடு நிற்காமல் ஆழமாகப் போயிருந்தால், அவற்றில் ஒன்று அறுபட்டிருக்க வாய்ப்புண்டு. அறுபட்ட நரம்பைத் தேடி இணைக்க மிக ஏற்ற நேரம், காயம் பட்ட முதல் 72 மணி நேரம். அதற்குள் என்றால், துண்டித்த நரம்பின் மறுமுனையை, மின்தூண்டல் தந்தால் தசை அசைவதை வைத்து எளிதில் கண்டுபிடித்துவிடலாம். அந்த நேரம் கடந்துவிட்டது என்பதை உங்களிடம் மறைப்பதில் பயனில்லை. ஆனால் கலங்க வேண்டாம். கன்னக் கிளைகள் ஒன்றோடொன்று வலை போலப் பின்னிக் கிடப்பவை. கண்ணின் வெளி ஓரத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு போட்டால், அதற்கு மூக்குப் பக்கமாக உள்ள காயங்களில் சிறு கிளைகள் அறுபட்டாலும், சில மாதங்களில் அசைவு தானாகவே திரும்புவதை வழக்கமாகப் பார்க்கிறோம்.

நரம்புக்கு ஒன்றுமே ஆகாமல், தழும்பு அடியிலுள்ள தசையோடு ஒட்டிக்கொண்டு இழுத்துப் பிடிப்பதாலும் வாயோரம் எழாமல் போகலாம். கண்ணாடி முன் நின்று கன்னத்தைக் காற்றால் உப்பிப் பாருங்கள். விசிலடிப்பது போல உதட்டைக் குவியுங்கள். பல் தெரியச் சிரியுங்கள். அப்போது தழும்பு உள்ளே இழுபட்டு, அந்த இடத்தில் குழி விழுந்தால் ஒட்டலாக இருக்கலாம். தழும்பு சும்மா இருக்க, உதடு மட்டும் எழ மறுத்தாலோ, உப்பிய கன்னத்திலிருந்து காற்று இடப்பக்கம் கசிந்தாலோ நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். சாப்பிடும்போது இடது கன்னம் வீங்குகிறதா, தழும்பருகே தண்ணீர் போல ஏதேனும் கசிகிறதா என்பதையும் கவனியுங்கள். உமிழ்நீரை வாய்க்குள் கொண்டுவரும் குழாயும் அந்த வழியாகவே செல்கிறது.

இவையெல்லாம் ஒரு யூகத்துக்கு உதவுமே தவிர முடிவாகாது. ஓரிரு வாரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனையோ, முகம் மற்றும் தாடை அறுவை சிகிச்சை நிபுணரையோ நேரில் பாருங்கள். “ஒரு வருடம் தொடாதீர்கள்” என்ற அறிவுரை தழும்பின் தோற்றத்துக்குப் பொருந்தும். முகத்தின் அசைவுக்குப் பொருந்தாது.

நான்காம் வாரத்தைவிட இப்போது ஏன் மோசம்?

உங்கள் கடிதம் முழுவதும் ஓர் எண்ணம் ஓடுகிறது: காயம் ஆறிவிட்டது, ஆறியது கெட்டுப்போகிறது என்று. அப்படியல்ல. உங்கள் காயம் மூடியிருக்கிறது, ஆனால் இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. தோலின் மேற்பரப்பு சில நாள்களில் ஒட்டிவிடும். அதன் பிறகுதான் உடல் உள்ளே கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தை அவசர அவசரமாகக் குவிக்கிறது. அதற்கு ஊட்டமளிக்கப் புதிய இரத்தக் குழாய்களை அனுப்புகிறது. மூன்றாம் வாரத்தில் காயம் பட்ட இடத்தின் வலு இயல்பான தோலில் 20 சதவீத அளவுதான். மூன்று மாதத்தில் அது 80 சதவீதத்தை நெருங்கும். அதற்கு மேல் பெரிதாகக் கூடுவதில்லை. இந்தக் கட்டுமானம் மும்முரமாக நடக்கும் இரண்டாம், மூன்றாம் மாதங்களில்தான் தழும்பு மிகச் சிவப்பாகவும் கெட்டியாகவும் இருக்கும், அரிக்கவும் செய்யும். பிறகு, தாறுமாறாகக் குவித்த நார்களை உடல் கலைத்து ஒழுங்காக அடுக்குகிறது. வேலை முடிந்த இரத்தக் குழாய்கள் சுருங்கி மறைகின்றன. இதற்கு 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகும். தழும்பின் ஆயுளிலேயே அது மிக மோசமாகத் தெரியும் பருவத்தில் நீங்கள் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தெளிந்த கண்ணாடி டம்ளரின் வழவழப்பான பக்கத்தால் தழும்பை மெல்ல அழுத்தி, அதன் வழியே ஆடியில் பாருங்கள். அழுத்தும்போது நிறம் வெளிறினால், அது இரத்தக் குழாய்களின் சிவப்பு, நாளடைவில் குறையும். அழுத்தியும் பழுப்பு மாறாமல் நின்றால் அது நிறமி. அதற்கு வெயிலிலிருந்து காப்பதும் வேறு சிகிச்சையும் தேவை. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும்.

தையலைப் பற்றிய உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். முகத்துத் தையலை ஐந்து முதல் ஏழு நாளுக்குள் பிரிப்பதே முறை. உங்களுக்கு ஆறாம் நாள் பிரித்திருக்கிறார்கள். அதிக நாள் விட்டிருந்தால் கோட்டின் இருபுறமும் ஏணிப்படி போலப் புள்ளிகள் விழுந்திருக்கும். அப்படி எதையும் நீங்கள் சொல்லவில்லை. ஏழு தையல் என்பதும் நல்லதுக்கோ கெட்டதுக்கோ அடையாளமல்ல. உங்கள் தழும்பை விளக்குவது அதன் திசை என்றே நினைக்கிறேன். 1861இல் ஆஸ்திரிய உடற்கூறியலாளர் கார்ல் லாங்கர், சடலங்களின் தோலில் வட்டமான கருவியால் துளையிட்டுப் பார்த்தபோது, துளைகள் வட்டமாக நிற்காமல் நீள்வட்டமாகத் திறந்துகொண்டன. தோல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இழுபடுவதில்லை என்று அதிலிருந்து விளங்கியது. கன்னத்தில் அந்த இழுவிசைக் கோடுகள், மூக்கோரத்திலிருந்து வாயோரத்துக்கு இறங்கும் சிரிப்பு மடிப்பை ஒட்டி ஓடுகின்றன. உங்கள் வெட்டு அவற்றைக் குறுக்கே கடக்கிறது. ஒவ்வொரு முறை பேசும்போதும் மெல்லும்போதும் தழும்பின் இரு கரைகளும் எதிரெதிரே இழுபடுகின்றன. அந்த இழுப்புக்கு ஈடாக உடல் அங்கே கூடுதலாக நாரைக் குவிக்கிறது. இதில் தையல் போட்டவர் செய்யக்கூடியது குறைவு. ஆனாலும் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை. காயத்தின் ஆழம், உள்தையல் போட்டார்களா, நரம்பைச் சோதித்தார்களா என்பதெல்லாம் அடுத்து பார்க்கப்போகும் மருத்துவருக்கு வேண்டிய தகவல்கள்.

இது கீலாய்டா?

தடித்த தழும்பை எல்லாம் கீலாய்டு என்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. வேறுபாடு எளிமையானது, ஆனால் சிகிச்சையே அதைப் பொறுத்து மாறும். மேடிட்ட தழும்பு காயத்தின் எல்லைக்குள்ளேயே தடிக்கும். காயம் பட்ட நான்கு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, சில மாதம் வளர்ந்து, பிறகு மெல்லத் தணியும். கீலாய்டு காயத்தின் எல்லையைத் தாண்டி, நல்ல தோலுக்குள் பரவும். சில மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். தானாகத் தணிவது அரிது. காதுமடல், மார்பு, தோள்பட்டை, தாடை ஓரம் ஆகியவை அது விரும்பும் இடங்கள். முகத்தின் நடுப்பகுதியில் குறைவாகவே காண்கிறோம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது மேடிட்ட தழும்பின் சாயலில் இருக்கிறது. இருந்தாலும் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கீலாய்டு வந்திருக்கிறதா, காது குத்திய இடம் உங்களுக்கு எப்படி ஆறியது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். கீலாய்டை வெட்டி எடுத்துவிட்டு வேறு சிகிச்சை எதுவும் தராமல் விட்டால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது திரும்ப வரக்கூடும், சில சமயம் முன்பைவிடப் பெரிதாக. ஆகவே இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் யாரும் அந்த இடத்தில் கத்தி வைக்க விடாதீர்கள்.

களிம்பும் கரும்புள்ளிகளும்

அந்தக் களிம்பின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ‘கறை போக்கும்’, ‘நிறம் தரும்’ என்று கைமாறி வருபவற்றில் பலவும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் ஆகிய மூன்றும் கலந்தவை. தேர்ந்த மருத்துவர் குறிப்பிட்ட தோல்நோய்க்குக் குறுகிய காலத்துக்கு எழுதித் தரும் மருந்து அது, தழும்புக்கான களிம்பல்ல. முகத்தில் வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் கோடு கோடாகத் தெரியும், பருக்கள் வரும், வெயிலைத் தாங்கும் திறன் போய்விடும். உங்கள் கன்னத்துச் சிவப்பில் ஒரு பங்கு இதனால் வந்ததாகவே இருக்கலாம். களிம்பின் குழாயைக் கையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்தியதும் சில நாள் எரிச்சலும் சிவப்பும் கூடலாம். “களிம்பு இல்லாமல் முடியவில்லை” என்று பலர் திரும்பவும் அதையே எடுப்பது அந்த நாள்களில்தான். வைட்டமின் ஈ எண்ணெய் தழும்பைக் கரைக்கும் என்பதற்குத் தகுந்த ஆதாரமில்லை, சிலருக்கு அது ஒவ்வாமையைத் தருகிறது. எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் வெந்து கறுக்கும்.

முகவாயில் நிற்கும் நீலக் கரும்புள்ளிகள் தழும்பே அல்ல. சாலையின் மண்ணும் தாரும் தோலின் அடியடுக்கில் பதிந்து, பச்சை குத்தியது போல நின்றுவிட்டவை. எந்தக் களிம்பும் அவற்றை எட்டாது. காயம் பட்ட முதல் ஓரிரு நாளில் மரத்துப்போகச் செய்து நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தால் பெரும்பகுதி வந்திருக்கும். இப்போது அதற்கென்றே உள்ள லேசரால் துகள்களை உடைத்துக் கரைக்கலாம். சில முறை செய்ய வேண்டியிருக்கும். பெரிய துகளைச் சின்னஞ்சிறு கீறலால் எடுத்துவிடலாம். கன்னத்துக்குச் சொல்லப்பட்ட லேசரும் இதுவும் வேறு வேறு கருவிகள். மையத்தில் இரண்டுக்கும் ஒரே கருவியைக் காட்டினால் சந்தேகப்படுங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டியவை

காத்திருப்பது வேறு, சும்மா இருப்பது வேறு. தோல் மருத்துவர் களிம்பு விஷயத்தைச் சரிசெய்த பிறகு, சிலிக்கான் ஜெல்லைத் தொடங்கலாம். காலையும் இரவும் முகம் கழுவித் துடைத்தபின், தழும்பின் மேல் மட்டும், இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிய படலமாகத் தடவுங்கள். ஏறக்குறைய எல்லோரும் செய்கிற தவறு, அதிகமாகப் பிதுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் காயாமல் ஆடையில் ஒட்டும், நாலு நாளில் அலுத்துப்போய் விட்டுவிடுவீர்கள். ஐந்து நிமிடத்தில் காய்ந்தால் அளவு சரி. அதன் மேல் சன்ஸ்கிரீன் போடலாம். இரவில் ஜெல்லுக்குப் பதிலாகச் சிலிக்கான் ஒட்டுப்படலம் போடுவதும் உண்டு. குறைந்தது இரண்டு, மூன்று மாதம் தொடர வேண்டும். இதைப் பற்றிய ஆய்வுகளின் தரம் மெச்சும்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் தீங்கு மிகக் குறைவு, பலருக்குப் பலன் தெரிகிறது என்பதால் பெரும்பாலான மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது இதைத்தான்.

தழும்பு நீவுதலும் உதவும், குறிப்பாக ஒட்டல் இருந்தால். நடுவிரல் நுனியைத் தழும்பின் மேல் வைத்து, நகம் வெளிறும் அளவுக்கு அழுத்துங்கள். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. தோலையும் சேர்த்து, அடியிலிருப்பதன் மேல் சிறு வட்டமாக நகர்த்த வேண்டும். ஓர் இடத்தில் பத்து எண்ணும் வரை, பிறகு அடுத்த இடம் என்று தழும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போங்கள். நாளைக்கு இரண்டு வேளை, ஐந்து நிமிடம் போதும். மறுநாள் வரை வலியோ வீக்கமோ நின்றால் அழுத்தம் அதிகம் என்று பொருள்.

வெயில் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புதிய தழும்பு கறுத்துவிட்டால் அது தணிய, சிவப்பு தணிவதைவிட நெடுங்காலம் ஆகலாம். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீனைக் கேட்டு வாங்குங்கள். மாநிறத்திலும் கருமையான தோலிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கறுப்பைத் தூண்டும். இரும்பு ஆக்சைடு அதையும் தடுக்கிறது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மீண்டும் தடவ வேண்டும்.

மாதம் ஒரு முறை, அதே சன்னலருகே, அதே நேரத்தில், ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். நாள்தோறும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. ஆறாம் மாதப் படத்தை இந்த மாதப் படத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

லேசரும் அறுவை சிகிச்சையும்

லேசரை ஒரு வருடத்துக்குத் தொடவே கூடாது என்பதும் சரியல்ல, இந்த வாரமே தொடங்க வேண்டும் என்பதும் சரியல்ல. சிவப்பைக் குறைக்க, இரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் லேசரை முதல் சில மாதங்களிலேயே பயன்படுத்துகிறோம். அனுபவமுள்ள கையில் நல்ல பலன் உண்டு. தோலில் நுண்துளைகளிட்டுப் புதுப்பிக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் தழும்பின் மேடுபள்ளத்தைச் சீராக்க உதவும்; ஆனால் நிறம் கூடிய தோலில் அது மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பை விட்டுச்செல்லக்கூடும். ஸ்டீராய்டுக் களிம்பால் மெலிந்திருக்கலாம் என்று நாம் ஐயுறும் உங்கள் தோலில், தோல் தேறும் முன் எந்த லேசரும் வேண்டாம். தடிப்பு குறையாமல் போனால், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை தழும்புக்குள் டிரையம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி போடுவது பழகிய வழி. அதிலும் அளவு மீறினால் தோல் குழிந்து வெளிறிவிடும் என்பதால், முகத்தில் சிறு அளவில் தொடங்குவதே நல்லது.

மையத்திடம் பணம் கட்டும் முன் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். எந்த வகை லேசர், என் தழும்பின் எந்தக் குறைக்காக? செய்யப்போவது மருத்துவரா, பயிற்சி பெற்ற ஊழியரா? என் போன்ற நிறமுள்ளவர்களுக்குச் செய்த முன்-பின் படங்கள் உண்டா? முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா? இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா? பாதகங்களைச் சொல்லிச் சம்மதம் பெறுவது மருத்துவரின் கடமை. யோசிக்க அவகாசம் கேட்பது உங்கள் உரிமை. உங்கள் தழும்பின் உயிரியலில் இந்த வார இறுதிக்கு எந்த முக்கியத்துவமும் இல்லை.

தழும்பைத் திருத்தும் அறுவை சிகிச்சையை, கண்ணிமையையோ உதட்டையோ இழுத்துச் செயலைக் கெடுத்தாலொழிய, தழும்பு முதிர்ந்த பின்தான் செய்வோம். பொதுவாக ஒரு வருடம் சென்ற பிறகு. உங்களைப் போல இழுவிசைக்குக் குறுக்கே ஓடும் கோட்டை, ஆங்கில ‘இசட்’ எழுத்து வடிவில் வெட்டித் திருப்பி, சிரிப்பு மடிப்போடு இணைந்து போகும்படி அமைக்கலாம். கோட்டின் மொத்த நீளம் இதனால் கூடும். ஆனால் நேர்கோட்டைப் பிடிக்கும் கண், உடைந்த கோட்டை எளிதில் தவறவிடும். தழும்பு முழுதாக மறையுமா என்று கேட்டீர்கள். மறையாது. அறுவை சிகிச்சையும் ஒரு தழும்பைத்தான் தரும், இதைவிட நல்ல தழும்பாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு. அதன் பிறகு ஆறும் கணக்கும் முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். பேச்சு தூரத்தில் நிற்பவர் கவனிக்காத அளவுக்கு மங்கவைப்பது பலருக்கு எட்டக்கூடிய இலக்கு. சிகிச்சை ஏதுமின்றி 12ஆம் மாதத்தில் வந்து, அறுவை சிகிச்சை வேண்டாம் என்று தாமே முடிவெடுத்துத் திரும்புகிறவர்களும் உண்டு.

முகத்தைத் திருப்பி உட்காருவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காயம் மூடிவிட்டதால் ஒப்பனை தடை இல்லை; பச்சை சாயல் கொண்ட மறைப்புக் களிம்பு சிவப்பை நன்றாக அடக்கும். விபத்து கனவில் திரும்பத் திரும்ப வந்தாலோ, வெளியே போவதையே தவிர்க்கத் தொடங்கினாலோ மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள். தழும்பு மங்கும் வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரம் களிம்புக் குழாயோடு தோல் மருத்துவர்; அடுத்த வாரத்துக்குள் சிகிச்சைக் குறிப்பின் நகலோடு பிளாஸ்டிக் சர்ஜன். அவரிடம் தழும்பைக் காட்டும் முன், சிரித்துக் காட்டுங்கள்.